புக்கிட் தீமாவில் ஒரு சனிக்கிழமை

சிங்கப்பூரில் மலையேறப் போகிறேன் என்று போனில் சொன்னதும் அம்மா சிரித்துவிட்டார். "அங்க ஏதுடா மலை?"

இருக்கிறது. புக்கிட் தீமா. இந்தத் தீவிலேயே உயரமான இடம். உயரம் 163 மீட்டர். எங்கள் பக்கத்தில் இதை மலை என்று சொல்ல மாட்டோம், கரடு என்போம்.

இதற்கு முன் மூன்று முறை ஏறியிருக்கிறேன். மூன்று முறையும் மணிக்கட்டில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி, போன தடவையைவிட இரண்டு நிமிடமாவது குறைக்க வேண்டும் என்ற வெறியோடு. இந்தச் சனிக்கிழமை முழங்கால் வலி. போதாக்குறைக்குக் கீழ்வீட்டு அங்கிளும் கூட வருவதாகச் சொல்லிவிட்டார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், எழுபதைத் தாண்டியவர். "வரேன் தம்பி. ஆனா ஓடக் கூடாது."

பியூட்டி வோர்ல்ட் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, ஹிண்டீட் டிரைவ் வழியாக நடந்தால் வாசல். உள்ளே நுழையும்போதே அங்கிள், கையில் வாழைப்பழம் வைத்திருந்த என் பிளாஸ்டிக் பையைப் பிடுங்கித் தன் முதுகுப்பைக்குள் திணித்துக்கொண்டார். பை சலசலத்தாலே சாப்பாடு என்று குரங்குகளுக்குத் தெரியுமாம். அவற்றுக்குத் தீனி போட்டால் அபராதம் வேறு.

தொடக்கமே தார்ச்சாலைதான், ஆனால் என்ன ஏற்றம்! வளைத்து வளைத்துப் போட வேண்டிய சாலையை யாரோ நேராக நிமிர்த்தி வைத்ததுபோல் இருக்கும். கரடு என்று கேலி செய்தவன் பத்தாவது நிமிடத்தில் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அங்கிள் நின்றுகொண்டே தண்ணீர் குடித்தார்.

உட்கார்ந்த இடத்தில்தான் காடு கண்ணில் பட்டது. மொத்தமே 163 ஹெக்டேர் காடு. 1854இல் வாலஸ் என்ற ஆங்கிலேய இயற்கையாளர் இந்தப் பக்கம் தங்கி, இரண்டே மாதத்தில் சுமார் 700 வகை வண்டுகளைப் பிடித்திருக்கிறார். அப்போது இங்கே புலியும் இருந்தது. புலிக்கு வெட்டிய குழியில் நாம் விழுந்துவிடுவோமோ என்பதும் அவருக்கு ஒரு பயம். எனக்கு இருந்த பயமெல்லாம் முழங்காலைப் பற்றித்தான்.

"அந்த மரத்தப் பாரு," என்றார் அங்கிள். பார்த்தேன். மரம். "நல்லாப் பாரு." பாசி படிந்த பட்டை, அதில் ஒரு புடைப்பு. அந்தப் புடைப்பு மெல்லத் தலையைத் திருப்பியது.

கொலுகோ! பறக்கும் லெமூர் என்பார்கள். உண்மையில் அது லெமூரும் இல்லை, பறப்பதும் இல்லை. கழுத்திலிருந்து வால் நுனிவரை விரியும் தோலை விரித்து மரத்துக்கு மரம் சறுக்கும், நூறு மீட்டர்கூடப் போகும். பகலெல்லாம் இப்படி மரத்தோடு மரமாக ஒட்டிக்கிடக்கும். தோலுக்கு அடியில் இன்னொரு சின்ன முகம் எட்டிப் பார்த்தது. குட்டி! எங்களைத் தாண்டி எத்தனையோ பேர் மூச்சிரைக்க ஏறிப் போனார்கள். அவர்களில் மூன்று பேர் பழைய நான்தான்.

தூரத்தில் விரைவுச்சாலையின் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. 1986இல் அந்தச் சாலை வந்தபோது, இந்தக் காட்டையும் பக்கத்துப் பெருங்காட்டையும் அது தனித்தனியாகப் பிரித்துவிட்டது. 2013இல் சாலைக்கு மேலே 62 மீட்டர் நீளத்துக்கு ஒரு பாலம் கட்டி மண் கொட்டி மரம் நட்டிருக்கிறார்கள். விலங்குகளுக்கான பாலம், நமக்கு அனுமதி இல்லை. குட்டியைச் சுமந்துகொண்டு இவள் அந்தப் பக்கம் போக நினைத்தால் என்ன செய்வாள் என்று கேட்டேன். "மரம் வளரணும்ல தம்பி," என்றார்.

உச்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உயரம் பொறித்த ஒரு பாறை, அதோடு படமெடுக்க ஒரு வரிசை. சுற்றிலும் மரங்கள், கீழே காட்சி என்று ஒன்றும் பெரிதாகத் தெரியாது. நாங்களும் வரிசையில் நின்று படமெடுத்தோம். இறக்கத்தில்தான் முழங்கால் உயிரை எடுத்தது. படிகளில் பக்கவாட்டாக நண்டு மாதிரி இறங்கினேன்.

பியூட்டி வோர்ல்ட் உணவங்காடியில் ஆளுக்கொரு தே ஓ பெங், அதாவது பாலில்லாத ஐஸ் தேநீர். ஏறி இறங்கியதற்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் என்றது கடிகாரம்.

கொலுகோ படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். "மரம் நல்லா இருக்கு" என்று பதில் வந்தது.