காலையில் மூன்று நிமிடம், மதியம் ஒன்பது

என் லேப்டாப்புக்குப் பத்து வயது. கோர் ஐ3-5005யு செயலி, 8 ஜிபி ராம், இடையில் நானே மாற்றிப் போட்ட எஸ்எஸ்டி, விண்டோஸ் 10. சித்திரை பிறந்ததிலிருந்து ஆன் செய்தவுடன் செயலியின் பயன்பாடு நூறு சதவீதத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. கடைக்காரர் திறந்துகூடப் பார்க்காமல், "வயதாகிவிட்டது சார், புதிதாக வாங்கிவிடுங்கள்" என்றார். வயதானதையெல்லாம் கழிப்பதென்றால் வீட்டில் முதல் ஆள் நான்தான்.

முதல் வாரம் எல்லோரும் செய்வதையே செய்தேன். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலில், ஆன் செய்ததும் தாமாகத் தொடங்கும் பதினான்கு புரோகிராம்களில் பதினொன்றை முடக்கினேன். அடிக்கடி திறக்கும் புரோகிராம்களை முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றிவைக்கும் சிஸ்மெயின் (முன்பு சூப்பர்ஃபெட்ச்) சேவையையும் நிறுத்திப் பார்த்தேன். மொத்த லாபம் அரை நிமிடம்.

பிறகு ஒரு நோட்டில் நேரத்தைக் குறிக்கத் தொடங்கினேன். காலை ஆறு மணிக்கு ஆன் செய்தால் மூன்று நிமிடத்தில் தணிகிறது. மதியம் இரண்டு மணிக்கு ஒன்பது நிமிடம். அதே இயந்திரம், அதே புரோகிராம்கள். சத்துவாச்சாரியில் மொட்டைமாடிக்கு நேர் கீழே என் அறை; வேலூர் வெயில் நாற்பதைத் தாண்டினால் சுவரைத் தொட முடியாது. புரோகிராமுக்கு ஏது வெயில்?

ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்தேன். அதில் பச்சை, செயலி எவ்வளவு உழைக்கிறது என்பது. நீலக்கோடு, எந்த வேகத்தில் உழைக்கிறது என்பது. இத்தனை நாள் பச்சையையே முறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். மதியம் பச்சை நூறில் இருக்கும்போது நீலம் 39-இல் படுத்துக் கிடந்தது. 2 கிகாஹெர்ட்ஸ் செயலி, சூடு தாங்காமல் தன் வேகத்தைத் தானே 0.78-க்குக் குறைத்துக்கொண்டிருக்கிறது. வேலை அதேதான், செய்யும் கைதான் தளர்ந்துவிட்டது. செயலியின் சூட்டைக் காட்டும் கோர் டெம்ப் என்ற புரோகிராம் 97 டிகிரி காட்டியது.

ஞாயிற்றுக்கிழமை கழற்றினேன். திருகாணிகள் நீளத்தில் வேறுபடும் என்பதால் இட்லித் தட்டின் குழிகளில் பிரித்துப் போட்டேன். (அம்மா பார்த்த பார்வையை எழுத வேண்டாம்.) பேட்டரி இணைப்பை முதலில் எடுத்துவிட்டு, விசிறியைத் தூக்கினால், வெப்பத் தகடுகளின் வாயில் கம்பளித் துண்டுபோல ஒரு படலம். பெங்களூர் நெடுஞ்சாலைப் புழுதியும் பருத்திப் பிசிரும் சேர்ந்து நெய்தது. இடுக்கியால் இழுத்ததும் ஒரே துண்டாக வந்தது. காற்று ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். தாறுமாறாகச் சுழன்றால் அதன் அச்சு கெடும். செயலியின் சூட்டைத் தகட்டுக்குக் கடத்த அதன் மேல் தடவியிருந்த பசை, வெற்றிலைப் பெட்டியில் காய்ந்துபோன சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, உளுந்தளவு புதுப் பசை வைத்து, தகட்டில் பொறித்திருந்த 1, 2, 3, 4 வரிசையிலேயே முடுக்கினேன்.

மறுநாள் மதியம் இரண்டு மணி. நீலக்கோடு நூறை விட்டு இறங்கவில்லை. வெப்பம் 74. நான்கு நிமிடத்தில் பச்சை தணிந்தது. அந்த நான்கில் பெரும்பகுதி வைரஸ் தேடும் டிஃபெண்டரும், கோப்புகளைத் தேடுவதற்காக விண்டோஸ் போட்டுவைக்கும் அட்டவணையும் செய்யும் வேலை. அவற்றில் கை வைக்கவில்லை. 2025 அக்டோபரோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுவிட்டது, விண்டோஸ் 11 இந்தச் செயலியை ஏற்பதில்லை. அடுத்த ஞாயிறு, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும். இட்லித் தட்டு இனி கிடைக்காது.