கொடிக்கயிற்றில் படியும் கரி

திருவொற்றியூரில் எங்கள் மொட்டைமாடிக் கொடிக்கயிற்றை ஈரத்துணியால் துடைத்த பிறகுதான் வெள்ளைச் சட்டைகளை உலர்த்துகிறோம். துடைத்த துணியில் விரல் அகலத்துக்குக் கரிக்கோடு விழுகிறது. அத்தனையும் வாகனப் புகை என்று சொல்ல மாட்டேன், அனல்மின் நிலையங்களும் ஆலைகளும் அருகிலேயே இருக்கின்றன. ஆனாலும் துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச்சாலையில் என்ஜினை அணைக்காமல் வரிசைகட்டி நிற்கும் நாள்களில் அந்தக் கோடு தடித்துவிடுகிறது.

2020 ஏப்ரல் 1 முதல், எரிபொருளுக்கும் என்ஜின் புகைக்கும் வரம்பு விதிக்கும் பிஎஸ்-6 (பாரத் ஸ்டேஜ்-6) விதிமுறை நாடெங்கும் நடைமுறைக்கு வந்து, டீசலில் கந்தகத்தின் உச்ச அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. நல்ல முடிவுதான்; ஆனால் என்ஜினுக்கான கட்டுப்பாடு புதிய வண்டிகளுக்கு மட்டுமே. பழைய லாரிக்கு மிஞ்சியிருப்பது புகைச் சான்றிதழ் ஒன்றே. அதிலும் டீசல் வண்டிக்குப் புகையின் அடர்த்தியைத்தான் பார்க்கிறார்கள், நச்சு வாயுக்களான நைட்ரஜன் ஆக்சைடுகளை அளப்பதில்லை. சென்ற மாதம் என் ஸ்கூட்டருக்குச் சான்றிதழ் வாங்கப் போன இடத்தில், சைலன்சரில் குழாயைச் செருகாமலேயே நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துக்கொண்டு தாளை நீட்டினார்கள்.

2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டதில் எனக்கு மகிழ்ச்சியே. எனினும் எங்கள் பகுதியின் சிக்கல் பயணிகளைவிடச் சரக்கில்தான் இருக்கிறது. துறைமுக வாயிலில் நேரம் ஒதுக்கி லாரிகளை அழைப்பதும், கண்டெய்னர்களில் கூடுதல் பங்கை ரயிலில் ஏற்றுவதும், பழைய வண்டியை ஒப்படைப்பவருக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுப்பதும் ஒன்றாக நடக்க வேண்டும்; வெறும் தடை போட்டால் ஒற்றை லாரியை வைத்துப் பிழைப்பவர்தான் முதலில் அடிபடுவார்.