50 மில்லிசெக்கன்

மட்டக்களப்பில், கல்லடிப் பழைய பாலத்தில் முந்தி ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனம்தான் போக ஏலும். 1924இல் திறந்த இரும்புப் பாலம். பக்கத்தில் புதுப் பாலம் வந்தது 2013இல்தான். அப்பா ஒருநாள் விடியப்புறம் உழவு மெசினோடு வந்து, பாலம் வெறுமையாகக் கிடக்கிறதைப் பார்த்துத்தான் ஏறினாராம். அங்காலப் பக்கத்தால் வந்த லொறிக்காரரும் அதே வெறும் பாலத்தைப் பார்த்துத்தான் ஏறியிருக்கிறார். நடுப்பாலத்தில் முகத்துக்கு முகம். ஆர் பின்னுக்கு எடுக்கிறது எண்டு பெரிய வாய்த்தர்க்கம்.

பார்த்ததுக்கும் ஏறினதுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி. கணினி நிரல்களில் ரேஸ் கண்டிஷன் என்பது அதுதான்.

2022 தொடக்கத்தில் ஒரு திறந்த மூல டீமனுக்கு, அதாவது பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கிற நிரலுக்கு, ஒரு பட்ச் (திருத்தம்) அனுப்பினேன். சென்சர் பதிவுகளைச் சேர்த்து வைக்கிற, சி மொழியில் எழுதின சின்ன நிரல். தொடங்கும்போது, 'ஏற்கெனவே ஒன்று ஓடுகிறது' என்று காட்டுகிற பூட்டுக் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும், இல்லாவிட்டால் உருவாக்கும். ஒரே நேரத்தில் இரண்டு தரம் தொடங்கினால் இரண்டும் 'இல்லை' என்று கண்டு, ஒரே தரவுக் கோப்பில் எழுதி நாசமாக்கும். என்ர லப்டொப்பில் ஆயிரம் தரம் ஓட்டினால் ஏழெட்டுத் தரம் வரும். என்னவென்று பார்க்க பிரின்ட் வரி போட்டால் வராது! கடைசியில், கோப்பில் தன் செயல் எண்ணை (ஓடுகிற ஒவ்வொரு நிரலும் ஒரு 'செயல்', அதுக்கு ஒரு எண்) எழுதி, 50 மில்லிசெக்கன் தூங்கி, அதே எண்தான் இன்னும் இருக்கிறதா என்று திரும்ப வாசிக்கிற மாதிரி எழுதினேன். பிழை காணாமல் போனது.

நிரலைப் பராமரிக்கிறவரின் பதில் மூன்று வரி. வணக்கம் இல்லை, நன்றி இல்லை. இது ரேஸைத் தீர்க்கவில்லை, ஒளித்து வைக்கிறது; கோப்பு இல்லை என்று பார்த்த கையோடு இரண்டாவது செயலை ஷெடியூலர் (எந்தச் செயல் எப்போது ஓடுவது என்று தீர்மானிக்கிறது) 60 மில்லிசெக்கன் நிறுத்தினால்? செயல் நடுவில் செத்தால் கோப்பை அழிப்பது ஆர்?

"என்ன மனே, முகம் செத்துக் கிடக்கு? மறுகா வேலை போயிற்றா?" என்று அம்மா கேட்டா. சம்பளமில்லாத வேலை என்று எப்படிச் சொல்ல.

இரண்டு நாள் கழித்து அந்த 60ஐத் தாளில் எழுதிப் பார்த்தேன். சரிதான். 'இல்லாவிட்டால் மட்டும் உருவாக்கு' என்று இயங்குதளத்தின் கருவான கேர்னலிடம் ஒரே அழைப்பில் கேட்கிற வழிக்கு மாறினேன். இரண்டாம் கேள்வியை மட்டும் விட்டுவிட்டேன். சும்மா நோண்டுகிறார் என்று நினைப்பு. மார்ச் கடைசியில் கரண்ட் வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. கரண்ட் வந்து மெசின் எழும்பியபோது டீமன் எழும்பவில்லை. செத்துப்போன செயலின் பூட்டுக் கோப்பு டிஸ்கில் பத்திரமாக இருந்தது.

மறுகா, கேர்னலே கோப்பைப் பூட்டுகிற 'ஃப்ளொக்' அழைப்பு. செயல் செத்தால் பூட்டைக் கேர்னலே அவிழ்த்துவிடும். அந்த பட்ச் நிரலில் சேர்ந்தது.

வெட்கத்துக்கு மருந்தாக இருந்தது, லினக்ஸ் கேர்னலை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் 2016இல் ஒரு திருத்தத்தோடு எழுதின கமிட் குறிப்பு. லினக்ஸில் இருந்த 'டர்ட்டி கவ்' என்ற பாதுகாப்பு ஓட்டையை அடைத்தபோது, 11 வருசத்துக்கு முதல் இதைத் திருத்தப் போய் மோசமாகச் செய்தவன் நானே என்று எழுதியிருக்கிறார். அப்போது வெறும் கோட்பாடாக இருந்த ரேஸ் இப்போது லேசாக நிகழ்கிறது என்றும். மற்றவர்களைக் கடித்துக் குதறினதுக்கு 2018இல் அவரே மன்னிப்பும் கேட்டார். அந்தக் கடியை நான் நியாயப்படுத்தமாட்டேன். ஆனால் அந்த மூன்று வரி கடி இல்லை. எந்த அடி முந்தினால் எது உடையும் என்று அதில் இருந்தது. எனக்கு அது போதும், வணக்கம் இல்லாவிட்டாலும்.

போன கிழமை ஆரோ ஒரு பிள்ளை அதே நிரலுக்கு பட்ச் அனுப்பியிருக்கு: நிரல் முடியும்போது பூட்டுக் கோப்பை அழித்துவிடலாம், சும்மா கிடக்கிறதே என்று. 'இது சரிவராது' என்று தட்டினேன். அழித்தேன். பிறகு மூன்று நிரையாகப் போட்டேன். முதலாவது செயல் பூட்டை வைத்திருக்கிறது. இரண்டாவது அதே கோப்பைத் திறந்து காத்திருக்கிறது. முதலாவது கோப்பை அழித்துவிட்டுப் போகிறது. இரண்டாவதுக்குப் பூட்டுக் கிடைக்கிறது, பெயரில்லாத கோப்பில். மூன்றாவது வந்து அதே பெயரில் புதுக் கோப்பு உருவாக்கி அதைப் பூட்டுகிறது. இரண்டும் ஓடுகின்றன.

எழுத முக்கால் மணித்தியாலம் போனது. மேலே வணக்கம் போட்டேன். இன்னும் பதில் வரவில்லை.