ரெண்டு பாட்டில், ஒரே வெயிட்டு

லேப் ஃப்ரீசர்ல மைனஸ் 20ல பக்கத்து பக்கத்துல ரெண்டு குட்டி பாட்டில் இருக்கும், ரெண்டுலயும் வெள்ளப் பவுடர். ஒண்ணு யூடிபி-குளுக்கோஸ், இன்னொண்ணு யூடிபி-கேலக்டோஸ். லேபிள்ல பார்த்தா மாலிக்யூலர் வெயிட்டு ஒண்ணுதான், ஃபார்முலாவும் ஒண்ணுதான், பேர்ல மட்டும் நடுவுல நாலஞ்சு எழுத்து மாறும். கையில க்ளவுஸ், காலையில டீ கூட குடிக்கல, அவசரத்துல நான் எத எடுத்திருப்பேன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

நான் அப்ப ப்ராஜக்ட் அசிஸ்டன்ட்டா இருந்தேன். எனக்குக் கொடுத்த என்சைம் பேரு கேல்-ஈ, அதாவது யூடிபி-கேலக்டோஸ் 4-எபிமரேஸ், ஈ-கோலை பாக்டீரியாவுல இருந்து எடுத்தது. கேலக்டோஸ குளுக்கோஸா மாத்துறதுதான் அதோட வேலை, தேவைப்பட்டா குளுக்கோஸ கேலக்டோஸாவும் திருப்பும், ரெண்டும் யூடிபிங்கற வால் ஒட்டியிருக்கற நிலையில. ஆனா மாத்துச்சா இல்லயான்னு கண்ணால பார்க்க முடியாதே, எடை போட்டும் கண்டுபிடிக்க முடியாது, அதனால கூடவே இன்னொரு என்சைம் போடுவோம், யூடிபி-குளுக்கோஸ் டீஹைட்ரஜனேஸ். அது யூடிபி-குளுக்கோஸ மட்டும்தான் தொடும், தொட்டா, ஹைட்ரஜன வாங்கி சுமக்கற என்ஏடிங்கற துணை மாலிக்யூல் என்ஏடிஹெச்சா மாறும், ஸ்பெக்ட்ரோமீட்டர்ல 340 நானோமீட்டர்ல கோடு ஏறும். கேல்-ஈ வேலை செஞ்சா கோடு ஏறும், கேல்-ஈ போடாத கண்ட்ரோல்ல கோடு படுத்தே கிடக்கணும், அவ்ளோதான் கணக்கு.

என்னோட கண்ட்ரோல் ராக்கெட் மாதிரி ஏறிச்சு. மூணு நாள். பஃபர மாத்தினேன், கியூவெட்ட கழுவினேன், டீஹைட்ரஜனேஸ்ல ஏதோ கலப்படம்னு நானே ஒரு தியரி வேற எழுதி வச்சேன். நாலாவது நாள் சீனியர் அக்கா வந்து பின்னாடி நின்னு ஒரு நிமிஷம் ஸ்க்ரீன பார்த்துட்டு, "எந்த பாட்டில்டா எடுத்த?"ன்னு மட்டும் கேட்டாங்க. யூடிபி-குளுக்கோஸ். நேரா டீஹைட்ரஜனேஸ் வாயில ஊட்டிவிட்டுட்டு இருந்திருக்கேன்.

அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சது, நான் படிக்காம விட்ட லேபிள அந்த என்சைம் ஒரு தடவ கூட தப்பா படிக்கல. ரெண்டு சர்க்கரைக்கும் வித்தியாசம் என்னன்னா, குளுக்கோஸ்ல ஓஹெச் கை எல்லாம் பக்கவாட்டுல நீட்டிட்டு இருக்கும், கேலக்டோஸ்ல நாலாவது கார்பன்ல இருக்கற கை மட்டும் மேல தூக்கிட்டு நிக்கும். அந்த ஒரு கைதான் வித்தியாசம்.

சரி, அந்தக் கைய புடிச்சு கீழ இறக்கினா போச்சு, இதுக்கு எதுக்கு ஒரு என்சைம்னு நினைச்சா, அங்கதான் சிக்கல். திருப்பணும்னா அந்த கார்பன்ல இருக்கற ஹைட்ரஜன ஒரு பக்கத்துல இருந்து பிடுங்கி மறுபக்கத்துல ஒட்டணும். அமினோ ஆசிட்ல ஆல்ஃபா கார்பன் ஹைட்ரஜன்னா ஓரளவு லூஸா இருக்கும், புரோட்டானா கழட்டிடலாம். சர்க்கரையோட நாலாவது கார்பன்ல அந்தப் பேச்சுக்கே இடமில்ல. அதனால கேல்-ஈ ஒரு குறுக்கு வழி வச்சிருக்கு, தன் வயித்துக்குள்ள நிரந்தரமா ஒரு என்ஏடிய பிடிச்சு வச்சிருக்கு. பொதுவா என்ஏடின்னா வரும் போகும், பஸ்ல ஏறி இறங்கற மாதிரி. இங்க அது இறங்கவே இறங்காது.

நடக்கறது இதுதான். என்சைமோட 149வது இடத்துல இருக்கற டைரோசின்ங்கற அமினோ ஆசிட், சர்க்கரையோட அந்த ஓஹெச் கையில இருந்து புரோட்டான இழுக்கும், அதே நேரம் நாலாவது கார்பன்ல இருக்கற ஹைட்ரஜன் ரெண்டு எலக்ட்ரானோட என்ஏடிக்கு போயிடும், நாலாவது கார்பன் இப்ப கீட்டோன், தட்டையா ஆயிடுச்சு, கை மேலயும் இல்ல கீழயும் இல்ல. இப்ப அந்த சர்க்கரை அங்கயே, பாக்கெட்டுக்குள்ளயே, யூடிபி வால் கெட்டியா மாட்டியிருக்க, தோசைய திருப்பி போடற மாதிரி புரண்டு மறுமுகத்த என்ஏடிஹெச்சுக்கு காட்டும். கொடுத்த ஹைட்ரஜன் அந்தப் பக்கத்துல வந்து ஒட்டும், முடிஞ்சது. என்ஏடிஹெச் மறுபடி என்ஏடி. வெளியில இருந்து பார்க்கறவனுக்கு கணக்குல எதுவும் செலவாகல.

இதோட ஸ்ட்ரக்சர விஸ்கான்சின் மேடிசன்ல ஹேஸல் ஹோல்டன் குரூப் 1992ல வெளியிட்டாங்க, மெக்கானிசத்துல ஊறிப்போன பெர்ரி ஃப்ரேயும் அதுல இருந்தார். ஒவ்வொரு சப்யூனிட்டுலயும் 338 அமினோ ஆசிட், ரெண்டு சேர்ந்து ஜோடியா நிக்கும். ஒரு பாதி ராஸ்மன் ஃபோல்ட்னு சொல்ற மடிப்பு, நடுவுல இணையா ஓடற பீட்டா இழைகள் ஏழு, ரெண்டு பக்கமும் ஹீலிக்ஸ், என்ஏடி உக்கார்ற இடம் அது. சின்னப் பாதியில யூடிபி-சர்க்கரைக்கு இடம், ரெண்டுக்கும் நடுவுல இருக்கற சந்துலதான் அந்த தோசை திருப்பல். முதல் தடவ அத கம்ப்யூட்டர்ல சுத்தி சுத்தி பார்த்தப்போ இவ்வளவு குறுகலான இடத்துல ஒரு சர்க்கரை எப்படிடா புரளும்னுதான் தோணுச்சு.

நம்ம உடம்புலயும் இந்த என்சைம் இருக்கு, ஆனா நம்மது கொஞ்சம் பெரிய மனசு, என்-அசிட்டைல் ஒட்டின பெரிய சர்க்கரையையும் உள்ள விடும், ஈ-கோலையோடது விடாது. காரணம் ஈ-கோலைல 299வது இடத்துல ஒரு பருமனான டைரோசின் வழிய அடைச்சுட்டு நிக்குது, மனுஷனோடதுல அதே இடத்துல ஒல்லியான சிஸ்டீன். ஹோல்டன் லேப்ல அந்த டைரோசின சிஸ்டீனா மாத்திப் பார்த்தாங்க, ஈ-கோலை என்சைமும் பெரிய சர்க்கரைய ஏத்துக்க ஆரம்பிச்சிடுச்சு, பழைய வேலையில கொஞ்சம் சுணங்கிப்போச்சு. ஒரே ஒரு அமினோ ஆசிட்!

இந்தக் குடும்பத்துல சொந்தக்காரங்க நிறைய. டிபி பாக்டீரியாவோட செல் சுவர்ல ராம்னோஸ்னு ஒரு சர்க்கரை வேணும், அத குளுக்கோஸ்ல இருந்து செய்யற வழியில வர்ற ஆர்எம்எல்-பிங்கற என்சைம் இதே ராஸ்மன் வீட்டுப் பிள்ளை, அதுவும் என்ஏடிய மடியிலயே வச்சிருக்கும். மனுஷனுக்கு ராம்னோஸ் செய்யற வழியே கிடையாது, அதான் மருந்து தேடறவங்களுக்கு அது மேல ஒரு கண்ணு.

கேல்-ஈ இல்லாம போனா என்ன ஆகும்ங்கறதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி. டைபாய்டு கிருமியோட குடும்பமான சால்மோனெல்லா தன் வெளித்தோல்ல லிபோபாலிசாக்கரைடுங்கற சர்க்கரைப் பூச்சு கட்ட கேலக்டோஸ் வேணும், அத குளுக்கோஸ்ல இருந்து கேல்-ஈ வச்சுதான் செஞ்சுக்கும். கேல்-ஈ போச்சுன்னா தோல் பாதியில நின்னுடும். வெளியில இருந்து கொஞ்சமா கேலக்டோஸ் கொடுத்தா தோல் ஒழுங்கா வளரும், அதிகமா கொடுத்தா உள்ள கேலக்டோஸ்-1-பாஸ்பேட்டும் யூடிபி-கேலக்டோஸும் குவிஞ்சு செல்லே வெடிச்சு சாகும். இத வச்சு சுவிட்சர்லாந்துல பெர்ன்ல ஜெர்மானியர், ஃப்யூர்னு ரெண்டு பேரு ஒரு ஐடியா பண்ணாங்க, டைபாய்டு கிருமியில கேல்-ஈய கெடுத்துட்டா, குடலுக்குள்ள கொஞ்ச நாள் வாழ்ந்து தோல காட்டி எதிர்ப்பு சக்திய எழுப்பிட்டு தானே செத்துடும்ல? 1975ல வெளிவந்த டிஒய்21ஏ அப்படித்தான் பிறந்துச்சு, ஊசி இல்ல, வாயால முழுங்கற டைபாய்டு வேக்சின். எகிப்துல அலெக்ஸாண்ட்ரியாவுலயும் சிலில சான்டியாகோவுலயும் பள்ளிக்கூட பிள்ளைங்களுக்கு கொடுத்து சோதிச்சாங்க, 2024ல அத செஞ்ச கம்பெனி தயாரிப்ப நிறுத்தற வரைக்கும் கேப்சூலா பல நாட்டுல கிடைச்சுது.

கதை இதோட முடிஞ்சிருந்தா எவ்வளவு அழகா இருந்திருக்கும். 1988ல, இந்த தடவ கெமிக்கல் இல்லாம ஜெனடிக்ஸ் வச்சு துல்லியமா, டிஒய்21ஏவோட தாய்க் கிருமியான டிஒய்2ல கேல்-ஈயையும் விஐ ஆன்டிஜன்ங்கற வெளிப்போர்வையையும் மட்டும் எடுத்துட்டு ஒரு கிருமிய செஞ்சு வாலன்டியர்களுக்கு கொடுத்தாங்க. அவங்கள்ல சிலருக்கு டைபாய்டு மாதிரியே காய்ச்சல் வந்துடுச்சு. அப்போ டிஒய்21ஏ சாதுவா இருக்கறதுக்கு கேல்-ஈ மட்டும் காரணமில்ல. அத நைட்ரோசோகுவானிடின் போட்டு செஞ்சாங்க, அந்த கெமிக்கல் ஒரு ஜீன மட்டும் தொட்டுட்டு மரியாதையா ஒதுங்கிப்போற ஆளில்ல, வேற ஜீன்களும் அதுல கெட்டுப்போயிருக்குன்னு பின்னாடி தெரிய வந்துச்சு. வேக்சின் நல்லாத்தான் வேலை செஞ்சது, செஞ்சவங்க சொன்ன காரணம்தான் பாதி.

அந்த பேப்பர படிச்சப்போ என்னோட கண்ட்ரோல் கோடு ஞாபகம் வந்துச்சு, தியரி எழுதி வச்ச நோட்டும்தான். அக்கா அன்னைக்கு சாயங்காலமே யூடிபி-கேலக்டோஸ் பாட்டில் கழுத்துல சிவப்பு டேப் சுத்திட்டாங்க, மார்க்கர்ல என் பேர வேற எழுதி.