ரத்து பட்டனுக்கு மேலே இன்னும் இரண்டு பட்டன்

பணப்புழக்கம் இறுகியதும் சின்னத் தொண்டு நிறுவனங்கள் பலவும் புது நன்கொடையாளர்களைத் தேடி ஆன்லைன் விளம்பரத்தில் காசைக் கொட்டுகின்றன. ஏற்கெனவே தந்துகொண்டிருப்பவர்கள் ஒவ்வொருவராக நழுவுவது கண்ணில் படுவதே இல்லை. ஓட்டைப் பானையை வைத்துக்கொண்டு தண்ணீர் இறைக்கிற வேலை இது. முதலில் ஓட்டையை அடைப்போம்.

மாதாமாதம் தருபவர் நின்றுபோவது பெரும்பாலும் மனம் மாறியதால் அல்ல. கையில் காசு குறைந்திருக்கும், அல்லது கார்டு வேலை செய்திருக்காது.

காசு குறைந்தவர் உங்கள் தளத்துக்கு வந்தால் அங்கே இருப்பது 'ரத்து செய்' என்ற ஒரே பட்டன். அதற்கு மேலே 'தொகையைப் பாதியாக்கு', '3 மாதம் நிறுத்திவை' என்று இரண்டு பட்டன் வையுங்கள். மென்பொருள் இடம் தராவிட்டால் ஓர் ஈமெயில் முகவரி போதும். அலுவலகத்தில் ஒருவர் கையாலேயே மாற்றிவிடலாம். நிறுத்திவைத்தவருக்கு மறுபடி பணம் பிடிக்கும் தேதியை அப்போதே காட்டுங்கள், அதற்கு 7 நாள் முன்பு ஒரு நினைவூட்டலும் போகட்டும். மறந்திருந்தவர் கணக்கில் திடீரென்று பணம் போனால் அவர் உங்களை அழைக்க மாட்டார், நேரே வங்கியில் புகார் செய்வார். அந்தப் புகாருக்கு கேட்வே (கார்டிலிருந்து பணத்தைப் பிடித்து உங்களுக்குச் சேர்க்கும் சேவை) உங்களிடம் பிடிக்கும் கட்டணம் சில சமயம் நன்கொடையையே தாண்டிவிடும். ரத்து பட்டனை ஒளித்து வைத்தாலும் இதே கதிதான்.

கார்டு தோற்றுப்போவது வேறு கதை. கேட்வேயின் டேஷ்போர்டில் ஒவ்வொரு தோல்விக்கும் காரணம் பதிவாகியிருக்கும். வாரம் ஒருமுறை அதைத் திறந்து பாருங்கள். 'இருப்பு போதவில்லை' என்றால் சில நாள் கழித்து, முடிந்தால் சம்பள நாளை ஒட்டி, மறுபடி முயலலாம். மூன்று முறைக்கு மேல் வேண்டாம். 'காலாவதி', 'தொலைந்த கார்டு' என்றால் எத்தனை முறை முயன்றாலும் பணம் வராது. புது கார்டைப் பதிய லிங்க் அனுப்புவதுதான் வழி. அந்தக் கடிதத்தில் 'உங்கள் பணம் நிராகரிக்கப்பட்டது' என்று எழுதிவிடாதீர்கள், கடன் வசூலிக்க வந்த ஆள் மாதிரி இருக்கும். 'இந்த மாத நன்கொடை எங்களுக்கு வந்து சேரவில்லை, கார்டு மாறியிருந்தால் இங்கே புதுப்பிக்கலாம், இப்போது வேண்டாமென்றாலும் சரி' என்பது போதும்.

கட்டணக் கணக்கையும் பாருங்கள். பல கேட்வேக்கள் சதவீதத்தோடு ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஒரு நிலையான தொகையும் எடுக்கும். அந்தத் தொகை 3 என்று வையுங்கள். 300 தருபவரிடமிருந்து நூற்றில் ஒரு பங்கு போகிறது. 30 தருபவரிடமிருந்து பத்தில் ஒரு பங்கு. கெட்ட காலத்தில் சிறு தொகைகள்தான் பெருகும், ஆகவே மிகச் சிறிய தொகை தருபவருக்கு மாதத் தவணைக்குப் பதில் மூன்று மாதத்துக்கு ஒரு தவணை என்ற வாய்ப்பைக் கொடுங்கள்.

நன்கொடைப் படிவத்தை உங்கள் மேசைக் கணினியில் சோதிக்காதீர்கள். பழைய போன், மந்தமான இணைப்பு, ஒரு கட்டைவிரல்: இந்த நிலையில் நிரப்பிப் பாருங்கள். பெயர், ஈமெயில், தொகை, கார்டு விவரம். ரசீதுக்குச் சட்டப்படி வேறேதும் தேவையில்லை என்றால் அதற்குமேல் ஒரு கட்டமும் வேண்டாம். 'எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?' என்ற கேள்வியைப் பணம் கட்டி முடித்த பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

ஈமெயில் ஸ்பாமில் விழுந்தால் இவ்வளவும் வீண். உங்கள் டொமைனின் (இணைய முகவரியின்) டிஎன்எஸ் பதிவுகளில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள்; கடிதம் உண்மையிலேயே உங்களிடமிருந்து வருகிறது என்று காட்டும் அமைப்புகள் இவை. ஒரு நாளில் 5000க்கு மேல் அனுப்புவோருக்கு ஜிமெயில் 2024 பிப்ரவரியிலிருந்து இவற்றைக் கட்டாயமாக்கியது; நீங்கள் 400 பேருக்குத்தான் அனுப்புகிறீர்கள் என்றாலும் செய்துவிடுவது நல்லது. கடிதத்தை எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கை நம்பாதீர்கள். 2021இல் ஆப்பிள் மெயிலில் வந்த தனியுரிமை வசதி, பெற்றவர் படிக்காவிட்டாலும் திறந்ததாகக் காட்டிவிடும். லிங்கை அழுத்தியவர்களையும் பணம் தந்தவர்களையும் மட்டும் எண்ணுங்கள்.

'நீங்கள் தருவதற்கு ஈடாக இன்னொருவர் தருகிறார்' என்ற அறிவிப்பு பலன் தரும். கார்லன், லிஸ்ட் என்ற இரு பொருளியலாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றுக்கு ஒன்று என்ற ஈடு நன்கொடையைக் கூட்டியது. ஒன்றுக்கு மூன்று என்று உயர்த்தியும் கூடுதல் பலன் இல்லை. பெரிய கொடையாளர் மூன்று மடங்கு தர முன்வந்தால் அதை மூன்று தனித்தனி அழைப்புகளாகப் பிரித்து வையுங்கள்.

கடைசியாக, திடீரென்று ஒரு இரவில் மிகச் சிறிய நன்கொடைகள் நூற்றுக்கணக்கில் குவிந்தால் சந்தோஷப்பட வேண்டாம். திருட்டு கார்டுகள் வேலை செய்கின்றனவா என்று யாரோ உங்கள் படிவத்தில் சோதிக்கிறார்கள். படிவத்தை உடனே மூடுங்கள், கேட்வேக்குச் சொல்லுங்கள், வங்கிப் புகார்கள் வருமுன் அந்தத் தொகைகளைத் திருப்பி அனுப்புங்கள். கேப்ட்சாவும் (நிரப்புவது மனிதர்தானா என்று பார்க்கும் சோதனை) குறைந்தபட்சத் தொகையும் வைத்த பிறகு படிவத்தைத் திறங்கள்.