'பால் சேர்க்காதது' என்ற லேபிள் மீது புகார் கொடுத்த அனுபவம்

என் மகளுக்குப் பால் ஒவ்வாமை. நாங்கள் வாங்கிய ஒரு சாக்லேட் பானப் பவுடரின் முன்பக்கத்தில் 'பால் சேர்க்காதது' என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். பின்பக்கம், பொடி எழுத்தில், சோடியம் கேசினேட். அது பாலில் இருந்து எடுக்கும் புரதம்தான். ஒவ்வாமை தரும் பொருட்களைத் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு லேபிள் விதிமுறை. அந்த வரியே இல்லை. நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் கேட்டால், "கேசினேட் பால் இல்லைங்க" என்கிறார்கள். குழந்தையின் உடம்பு அப்படிப் பிரித்துப் பார்க்காதே! அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் புகார் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

உணவுப் பாதுகாப்புத் துறைக்கு வாட்ஸ்அப்பிலேயே அனுப்பலாம். பொட்டலத்தின் இரு பக்கப் படங்கள், பேட்ச் எண், தயாரிப்புத் தேதி, 14 இலக்க உரிம எண், கடை பில் எல்லாம் சேர்த்து அனுப்பினேன். உணவுப் பாதுகாப்பு அலுவலர் கூப்பிட்டுப் பேசினார். நான் பிரித்துவிட்ட பொட்டலத்தை வைத்து வழக்குப் போட முடியாது, கடையில் இருந்து அவரேதான் மாதிரி எடுக்க வேண்டுமாம். அதனால் சரக்கு தீர்வதற்குள் புகார் போய்ச் சேருவது முக்கியம். (நாமே கட்டணம் கட்டிப் பரிசோதிக்கவும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். குறை உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.)

எடுத்த மாதிரியை நான்கு பாகமாக்கி முத்திரை வைக்கிறார்கள். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்குப் போகிறது, இரண்டு மாவட்ட நியமன அலுவலரிடம் இருக்கும். நான்காவதை, வியாபாரி கேட்டால், அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். 'தப்புக்குறியீடு', அதாவது லேபிள் தவறானது என்று அறிக்கை வந்தது. எதிர்த்தரப்பு மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம். அப்புறம் ரொம்ப நாள் சத்தமே இல்லை. நானாகப் போய்க் கேட்டால்தான் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொன்னார்கள்.

கடைசியில் மாவட்ட வருவாய் அலுவலர் முன் விசாரணைக்கு வந்தது. தப்புக்குறியீட்டுக்கு அதே சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். அந்தப் பணம் அரசுக்குத்தான். நமக்கு இழப்பீடு வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குத் தனியாகப் போகலாம். எனக்குப் பணம் முக்கியமாகப் படவில்லை. அதே பிரிவில், தவறைத் திருத்தச் சொல்லவோ பொருளை அழிக்கச் சொல்லவோ அதிகாரம் இருக்கிறது. அபராதத்தைக் கட்டிவிட்டு அதே லேபிளோடு விற்றால் இன்னொரு குழந்தைதானே பாதிக்கப்படும்? அதனால் லேபிளைத் திருத்த உத்தரவிட வேண்டும் என்று என் புகாரிலேயே தெளிவாக எழுதியிருந்தேன்.

உத்தரவில் அபராதம், லேபிள் திருத்தம் இரண்டும் இருந்தன. ஆனாலும் பழைய பொட்டலங்கள் வேறு ஊர்க் கடைகளில் கிடக்கலாம் என்பதால், ஒவ்வாமை உள்ள குழந்தைகளின் பெற்றோர் எல்லோருக்கும் அந்த பேட்ச் எண்ணை அனுப்பி வைத்தேன்.