வெட்டுப்பட்ட தலையின் சில நொடிகள்

குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் வரும்போது, அது வெட்டுண்ட தலை என்பது கூட்டத்தில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். ஜமதக்னியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு மகன் பரசுராமன் வெட்டிய ரேணுகையின் தலை அது. கோபாலபுரம் கோயிலில் உடலோடு பொருத்தப்படும் வரை கண்களை அகல விழித்தபடியே வருகிறது. அந்தக் கண்களைப் பார்க்கும்போதெல்லாம், வெட்டுப்பட்ட பிறகு அந்தத் தலைக்கு வலித்திருக்குமா என்ற கேள்வி எனக்குள் எழும்.

கேள்வி புராணத்திலிருந்து வந்ததன்று. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, ஆந்திர எல்லையை ஒட்டிய பரதராமிப் பக்கத்தில் எங்கள் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டினார்கள். ஆறு மாதம் நான் தழை ஒடித்துப் போட்டு வளர்த்த கிடா. மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் உடலைச் சிலிர்த்துத் துலுக்கியது. ஒரே வெட்டில் தலை விழுந்தது. எல்லோரும் உதைத்துக்கொண்டிருந்த உடலைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் என் காலருகே கிடந்த தலையைப் பார்த்தேன். வாய் இரண்டு முறை திறந்து மூடியது, சத்தம் இல்லை. இமை ஒருமுறை தாழ்ந்து மறுபடி உயர்ந்தது. நான் அழுததைக் கண்ட ஆயா, "அதுக்கு ஒண்ணும் தெரியாதுடா கண்ணு, அம்மா எடுத்துக்கினா" என்று சொல்லி என்னைத் தூக்கிக்கொண்டு போனார்.

நாம் இரக்கப்படுவது தவறான பாதிக்கு என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. உதைப்பது முதுகுத்தண்டின் வேலை. மூளையோடு தொடர்பு அறுந்துவிட்ட அந்த உடலில் வலியை உணர ஆள் இல்லை. உணர்வு என்று ஏதேனும் மிஞ்சியிருந்தால் அது அசையாமல் கிடக்கும் தலையில்தான் இருக்கும். ஆனால் கத்துவதற்குக் காற்று வேண்டும். காற்றைத் தரும் நுரையீரலோ அந்தப் பக்கம் கிடக்கிறது. கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார், வீரர்கள் தாமே அரிந்து கொடுத்த தலைகள் கொற்றவையைப் போற்றுவதாகவும் குறையுடல்கள் கும்பிட்டு நிற்பதாகவும் பாடுகிறார். தலைக்குக் குரலைக் கொடுத்தது கவியின் கருணை என்றே நான் நினைக்கிறேன்.

பிரான்ஸில் 1792-இல் தலை வெட்டும் எந்திரமான கில்லட்டின் புழக்கத்துக்கு வந்தபோது, அது நொடியில் உயிரைப் பறிப்பதால் துன்பமற்றது என்றார்கள். மூன்றே ஆண்டுகளில், ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் சோமரிங் அதை மறுத்து, வெட்டுண்ட தலையில் சிறிது நேரம் உணர்வு நீடிக்கிறது என்று எழுதினார். மருத்துவர் கபானிஸ் அவரோடு உடன்படவில்லை. 1905 ஜூன் 28 அன்று ஓர்லியான் நகரில் லாங்கிய் என்ற கைதியின் தலை வெட்டப்பட்டபோது, பக்கத்தில் நின்ற மருத்துவர் போரியோ, இமைத்துடிப்பு அடங்கும் வரை காத்திருந்து அவன் பெயரை உரக்க அழைத்தார். இமைகள் மெல்ல உயர்ந்து, கண்கள் தன்னையே நோக்கின என்றும், இரண்டாவது அழைப்புக்கும் அப்படியே நடந்தது என்றும், மூன்றாவதற்கு அசைவில்லை என்றும், எல்லாம் இருபத்தைந்து முப்பது நொடிகளுக்குள் முடிந்தது என்றும் எழுதி வைத்தார். ஒருவர் கண்ணால் கண்டதை மட்டும் வைத்து, அது விழிப்பா அனிச்சைத் துடிப்பா என்று பிரிக்க முடியாது. ஆனாலும் அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பின்னர் வந்த அளவைகள் அந்த நேரத்தை வெகுவாகச் சுருக்கியிருக்கின்றன. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மனித மூளை, உடலின் ஆக்ஸிஜனில் 20 சதவீதத்தைச் செலவழிக்கிறது. சேமிப்பு என்று பெரிதாக எதுவும் அதனிடம் இல்லை. 1943-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், இளைஞர்களின் கழுத்தில் காற்றுப்பட்டையை இறுக்கி மூளைக்குச் செல்லும் ரத்தத்தைச் சற்றே நிறுத்தியபோது, ஏறத்தாழ 7 நொடிகளில் நினைவு தப்பியது. நெதர்லாந்தின் நெய்மேகன் ஆய்வாளர்கள் 2011-இல் எலிகளில் அளந்தபோது, விழிப்போடு தொடர்புள்ள மூளை அலைகளின் வலு வெட்டிய 4 நொடிகளுக்குள் பாதியாகிவிட்டது. முழுத் தலையும் துண்டாகாமல் தொண்டை மட்டும் அறுபட்டால் கணக்கு மாறும். மாட்டுக்குக் கழுத்தெலும்பின் ஊடாகச் செல்லும் ரத்தக்குழாய்கள் மூளைக்கு ரத்தத்தைத் தொடர்ந்து கொண்டுசெல்வதால் நினைவு தப்ப அதிக நேரம் ஆகலாம். கழுத்தை அறுப்பதே வலியைத் தூண்டும் என்பதையும் நியூசிலாந்தின் மாஸ்ஸி பல்கலைக்கழகத்தார் மயக்கத்திலிருந்த கன்றுகளின் மூளை அலைகளைக் கொண்டு 2009-இல் காட்டினார்கள்.

ஆகவே ஆயா சொன்னது முழு உண்மையன்று. நான் பயந்த அளவுக்கும் இல்லை. மூன்று நொடியோ ஏழு நொடியோ, அந்தக் கிடாவுக்கு ஏதோ தெரிந்திருக்கக்கூடும் என்றே நம்புகிறேன். கத்தி மழுங்கியிருந்தால், வெட்டுபவர் கை தடுமாறினால், அந்த நொடிகள் எத்தனை மடங்காகும் என்பதை எண்ணிப் பார்க்கவே மனம் கூசுகிறது.

போன ஆடியில் தங்கை மகனுக்கு அதே கோயிலில் காது குத்திக் கிடா வெட்டினார்கள். நான் விலகிப் போகாமல், இம்முறையும் தலையின் பக்கமே நின்று மனத்துக்குள் எண்ணினேன். மூன்றில் இமை துடித்தது. ஐந்தில் நாக்கு சற்றே அசைந்தது. கண்ணின் மேற்பரப்பில் எது பட்டாலும் இமை மூடுவது மூளைத்தண்டின் வேலை. மூளையில் மற்றவை அடங்கிய பிறகும் அது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். இருபதை எட்டியபோது ஈ ஒன்று வந்து திறந்திருந்த கருவிழியின் மேலேயே உட்கார்ந்தது. இமை மூடவில்லை. குனிந்து, விரலால் நானே மூடிவிட்டேன்.